ஆராய்ச்சி யாருக்குக் கடமைப்பட்டது?

அண்மையில் ஒரு நாள், எம்மிடம் முன்னர் பயின்ற மாணவர் ஒருவர் எம்மைத் தேடிப் பாடசாலை ஆசிரியர் அறைக்கு வந்திருந்தார். பல்கலைக்கழகத்திற் சிறப்புப் பட்டம் பெற்றவர். மேலே கலாநிதிப் பட்டத்திற்கு விண்ணப்பிக்க எண்ணியிருப்பவர். கிழக்குக் கரையோரத்தில் வாழும் வேடர்களின் சடங்குகளையும் பாட்டுக்களையும் ஆராய்வது அவரது நோக்கம். "அதெல்லாம் அழிஞ்சு போறதுக்கு முந்தி ஆராவது எழுதி வைக்கத்தானே வேணும், சேர்?" என்று கேட்டார். அக்கேள்வியில் நியாயம் இருந்தது. அவரது ஆர்வத்தில் களங்கமும் இல்லை. எனினும், "ஆம், செய்யும்" என்று உடனே சொல்ல எமக்கு நா எழவில்லை. ஏன் எழவில்லை என்று பல நாட்களாகச் சிந்தித்ததன் விளைவே இக்கட்டுரை.

கலாநிதிப் பட்டத்திற்கு ஆராய்பவர் யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்? உண்மைக்கு என்பர் சிலர். மேற்பார்வை செய்யும் பேராசிரியருக்கும் பரீட்சகர்களுக்கும் என்பது நடைமுறை. ஆனால் எந்த மக்களின் வாழ்வையும் வாக்கையும் கொண்டு ஆய்வேடு எழுதப்படுகின்றதோ, அந்த மக்களுக்கு அதில் என்ன இடம்? முகவுரையில் நன்றி கூறும் பகுதியில் ஒரு வரி, பெரும்பாலும் அவ்வளவே. இவ்வினாவை இன்று உலகில் மிகக் கூர்மையாக எழுப்பி வருபவர்கள், பல தலைமுறைகளாகப் பிறரது ஆராய்ச்சிக்குப் பொருளாய்க் கிடந்த மக்களே. கனடாவின் முதற்குடிகளும், அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பூர்வகுடிகளும், நியூசிலாந்தின் மாவோரிகளும் பெற்ற பிள்ளைகள் இன்று தாமே பல்கலைக்கழகங்களுட் புகுந்து, தம் மக்களைப் பற்றித் தம் மக்களோடு நின்று ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் பெறுகின்றனர். 'பூர்வகுடி ஆராய்ச்சி' என்ற பெயரால் அது தனித்துறையாகவே வளர்ந்துள்ளது. அவர்கள் கடந்து வந்த பாதையை அறியாமல் அவ்வினாவின் கனத்தை நாம் உணர முடியாது.

முதலிற் கனடாவைப் பார்ப்போம். அந்நாட்டுப் பாராளுமன்றம் 1876ஆம் ஆண்டில் 'இந்தியர் சட்டம்' என்ற சட்டத்தை இயற்றிற்று. இந்தியர் என்று அச்சட்டம் குறித்தது, கொலம்பசின் காலத்துத் தவறான பெயரால் அழைக்கப்பட்ட அம்மண்ணின் பூர்வகுடிகளையே. அச்சட்டத்தின் ஒரு பிரிவு நமது கவனத்திற்கு உரியது. பூர்வகுடி ஒருவர் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றால், அல்லது வைத்தியராகவோ வழக்கறிஞராகவோ குருவாகவோ ஆனால், அந்தக் கணமே சட்டத்தின் கண்ணில் அவர் இந்தியர் என்ற நிலையை இழந்து ஏனைய பிரசைகளோடு சேர்க்கப்படுவார் என்றது அது. அவர் கேட்க வேண்டியதில்லை. சம்மதிக்க வேண்டியதும் இல்லை. பட்டம் கையில் வந்ததும் குடி கையை விட்டுப் போயிற்று!

இதனைக் குடியுரிமை என்னும் வெகுமதி என்று ஆட்சியாளர் கூறினர். ஆனால் அதன் உட்பொருள் என்ன? அறிவும் பூர்வகுடியும் ஓருடலில் வாழ இயலாதவை. கற்றவன் தன் மக்களில் ஒருவனாக நீடிக்க முடியாது. தன் மக்களில் ஒருவனாக நீடிப்பவன் கற்றவனாக மாட்டான். இதுவே அதன் தத்துவம். அதன் பொருளாதாரமும் வெளிப்படையானது. இந்தியர் குறையக் குறைய, இந்தியருக்கென ஒதுக்கிய நிலமும் அவர்களோடு செய்த உடன்படிக்கைகளின் சுமையும் குறையும். இக்கட்டாயம் 1880ஆம் ஆண்டிலே தளர்த்தப்பட்டது. ஆயினும் அந்தத் தத்துவம் சட்டப் புத்தகத்திலிருந்து இறங்கிப் பாடசாலைகளுக்குட் சென்று குடியமர்ந்தது. ஏறக்குறைய 150,000 பூர்வகுடிப் பிள்ளைகள் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு, தாய்மொழி பேசினால் தண்டிக்கும் விடுதிப் பாடசாலைகளில் வளர்க்கப்பட்டனர். கனடாவின் உண்மைக்கும் நல்லிணக்கத்திற்குமான ஆணைக்குழு 2015ஆம் ஆண்டில் வெளியிட்ட இறுதி அறிக்கை அக்கொடுமைகளை விரித்துரைத்தது.

அவ்விடுதிகளிலே ஆராய்ச்சியும் நடந்தது. 1948 முதல் 1952 வரை, ஆறு விடுதிப் பாடசாலைகளில் ஏறக்குறைய ஆயிரம் பிள்ளைகள் மீது போசாக்குப் பரிசோதனைகள் நடத்தப்பட்டன. பிள்ளைகளுக்குப் போதிய உணவு கிடைக்கவில்லை என்பதை ஆராய்ச்சியாளர் அறிந்திருந்தனர். அறிந்தும் என் செய்தனர்? அல்பேர்ணி என்னும் இடத்துப் பாடசாலையில், சிபார்சு செய்யப்பட்ட அளவிற் பாதிக்கும் குறைவான பாலையே இரண்டாண்டுகள் தொடர்ந்து கொடுத்தனர். பின்னர் பாலைக் கூட்டிக் கொடுத்தால் வரும் மாற்றத்தை ஒப்பிட்டு அளப்பதற்கு அது வேண்டுமாம்! பிள்ளைகளுக்கோ பெற்றோருக்கோ இது சொல்லப்படவில்லை. வரலாற்றாசிரியர் இயன் மொஸ்பி 2013ஆம் ஆண்டில் இதனை எழுதிய பின்னரே உலகம் அறிந்தது. பசித்த பிள்ளைக்குப் பால் கொடாமல் அதன் பசியை அளந்து பட்டியல் இட்ட அறிவை நாம் என்ன பெயரால் அழைப்பது?

அது பழங்காலக் கொடுமை, இன்று நடவாது என்று கூறுவோர்க்கு இன்னொரு வரலாறு உண்டு. அமெரிக்காவில், கிராண்ட் கன்யன் என்னும் பெரும் பள்ளத்தாக்கின் அடியிலே ஹவசுப்பாய் என்ற சிறு குடியினர் வாழ்கின்றனர். நீரிழிவு நோய் அவர்களைப் பெரிதும் வாட்டியது. அதன் காரணத்தை அறிய உதவும் என்று நம்பி, 1990ஆம் ஆண்டு முதல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளரிடம் அவர்கள் தம் இரத்தத்தைக் கொடுத்தனர். 2003ஆம் ஆண்டில், அக்குடியைச் சேர்ந்த கார்லெற்றா டிலூசி என்னும் பெண்மணி அப்பல்கலைக்கழகத்தில் ஒரு கலாநிதிப் பட்ட ஆய்வு விளக்கக் கூட்டத்திற்குச் சென்றார். அங்கே மாணவர் ஒருவர் விளக்கிய ஆய்வுக்கு ஆதாரமாய் இருந்தது தம் மக்கள் நீரிழிவுக்கெனக் கொடுத்த அதே இரத்தம் என்பதை அவர் கண்டார். இதற்கு எம் அனுமதியைப் பெற்றீர்களா என்று அவர் சபையில் எழுந்து கேட்டார். அந்த ஒரு கேள்வியிலிருந்தே யாவும் வெளிவந்தன. மனப்பிறழ்வு நோய் பற்றியும், நெருங்கிய உறவினருள் மணம் பற்றியும், அக்குடியினரின் முன்னோர் எங்கிருந்து குடிபெயர்ந்தனர் என்பது பற்றியும் அந்த இரத்தத்தைக் கொண்டு ஆய்வுகள் எழுதப்பட்டிருந்தன. வழக்கு நடந்தது. 2010ஆம் ஆண்டில் பல்கலைக்கழகம் 700,000 டொலர் கொடுக்கவும், எஞ்சிய இரத்தத்தைத் திருப்பிக் கொடுக்கவும் இணங்கிற்று.

இந்நிகழ்ச்சியில் நம்மைச் சிந்திக்க வைப்பது அந்த மாணவரின் நிலையே. அவர் கொடியவர் அல்லர். தம் முன் வைக்கப்பட்ட பொருளை ஆராய்ந்தார். பரீட்சகருக்குப் பதில் சொல்ல ஆயத்தமாக வந்திருந்தார். இரத்தம் கொடுத்தவர்களில் ஒருவர் எழுந்து கேட்பார் என்பதற்கு மட்டும் அவர் ஆயத்தமாக இருக்கவில்லை. ஏனெனில், அவர்களும் கேட்கக் கூடியவர்கள் என்று அவருக்குக் கற்பித்தோர் எவரும் இல்லை. தனிமனிதரின் தீய எண்ணம் இல்லாமலே அநீதி நடைபெறத் தக்கதாக அமைந்த ஒழுங்கு அது. சுரண்டலின் முதிர்ந்த வடிவங்கள் யாவும் இத்தகையனவே.

ஆராய்ச்சி என்ற சொல் தம் மக்களின் செவியில் எத்துணைக் கசப்பாய் ஒலிக்கின்றது என்பதை மாவோரி அறிஞர் லிண்டா துகிவாய் சிமித் 1999ஆம் ஆண்டில் வெளிவந்த தமது நூலில் விளக்கினார். ஆராய்ச்சி முறைகளையே குடியேற்ற ஆதிக்கத்தினின்று விடுவிக்க வேண்டும் என்பது அந்நூலின் கோரிக்கை. கனடாவில் முதற்குடிகள் 1998ஆம் ஆண்டில் நான்கு உரிமைகளை வகுத்தனர்: தம்மைப் பற்றிய தகவல் தமக்கே உடைமை; அதனைச் சேர்ப்பதிலும் பயன்படுத்துவதிலும் கட்டுப்பாடு தமக்கு வேண்டும்; அதனைப் பார்க்கும் உரிமை வேண்டும்; அது தம் கைவசம் இருக்க வேண்டும். 2010ஆம் ஆண்டில் அந்நாட்டு அரச ஆராய்ச்சி நிதிச் சபைகள் மூன்றும் தமது நெறிமுறை ஏட்டில் இம்மக்கள் தொடர்பான ஆராய்ச்சிக்கெனத் தனி அத்தியாயம் வகுத்தன. குறீ இனத்தவரான ஷோன் வில்சன் 2008ஆம் ஆண்டில் எழுதிய நூலில், ஆராய்ச்சி என்பது உறவுகளுக்குப் பதில் சொல்லும் செயல் என்ற கருத்தை முன்வைத்தார்.

இவை உயர்ந்த கோட்பாடுகள். ஆனால் நடைமுறையில், கலாநிதிப் பட்டத்திற்கு முயலும் பூர்வகுடி மாணவர் இரண்டு நீதிமன்றங்களின் முன் ஒரே வேளையில் நிற்க வேண்டியவராகின்றார். குறீ, அனிசினாபே போன்ற இனத்தவரிடையே முதியவர் ஒருவரிடம் அறிவு வேண்டிச் செல்பவர் புகையிலையைக் காணிக்கையாகக் கொடுப்பது வழக்கம். முதியவர் அதைக் கையேற்றால், இருவருக்குமிடையே உறவும் கடமையும் பிறந்துவிடுகின்றன. பல்கலைக்கழகமோ கையொப்பமிட்ட பத்திரத்தைக் கேட்கின்றது. அரசாங்கத்தின் பத்திரங்களால் நிலத்தையும் பிள்ளைகளையும் இழந்த ஒரு முதியவர் முன் இன்னொரு பத்திரத்தை நீட்டும்போது அம்மாணவரின் கை நடுங்காதா?

பெயர் பற்றிய சிக்கல் இதனினும் ஆழமானது. தகவல் தந்தவரின் பெயரை மறைத்தல் அவருக்குப் பாதுகாப்பு என்பது பல்கலைக்கழகங்களின் பொதுவழக்கு. வாய்மொழி மரபிலோ, ஒரு கதையை யாரிடமிருந்து கேட்டோம், அவர் யாரிடமிருந்து கேட்டார் என்று சொல்வதே அக்கதைக்கு ஆதாரம். பெயரை நீக்கினால் கதை அநாதையாகின்றது. சொன்னவரின் உழைப்பு எழுதியவரின் சொத்தாகின்றது. நமது நாட்டுப் பாடற் தொகுப்புக்களை எடுத்துப் பாருங்கள். தொகுத்தவரின் பெயர் அட்டையிலே பெரிய எழுத்தில் உண்டு; பாடியவளின் பெயர் உள்ளே எத்தனை தொகுப்புக்களில் உண்டு?

இரண்டு நீதிமன்றங்களையும் ஒன்றாக்க முயன்றவர்களும் உளர். மிக்மாக் இனத்தவரான அல்பிரட் மெற்றாலிக், ரொறன்ரோவிலுள்ள யோர்க் பல்கலைக்கழகத்திற்குத் தமது ஆய்வேட்டை மிக்மாக் மொழியிலேயே எழுதினார். 2010ஆம் ஆண்டில் அவரது வாய்மொழிப் பரீட்சை, லிஸ்துகுஜ் என்னும் அவரது சொந்த ஊரில், ஊர் மக்கள் கூடியிருக்க நடைபெற்றது. ஊரவர் பல்கலைக்கழகத்தைத் தேடிச் செல்லவில்லை. பல்கலைக்கழகமே ஊருக்கு வந்தது. 1876ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு இதைவிடச் சிறந்த மறுமொழி வேண்டுமோ? பட்டம் பெற்றவன் குடியை இழப்பான் என்றது சட்டம். குடியின் நடுவே, குடியின் மொழியிலே பட்டம் பெற்றுக் காட்டினார் ஒருவர்.

இவ்விடத்தில் முற்போக்குச் சிந்தையுடைய வாசகர் சில தடைகளை எழுப்புவர். எழுப்ப வேண்டியதும் அவசியமே.

முதலாவது தடை: விஞ்ஞானம் எவரது அனுமதிக்கும் காத்திருக்கலாமா? ஹவசுப்பாய் மக்கள் தாம் அப்பள்ளத்தாக்கிலேயே தோன்றியவர்கள் என நம்புகின்றனர். மனித குலத்தின் குடிபெயர்ச்சி பற்றிய ஆய்வு அந்நம்பிக்கைக்கு மாறுபடுமாயின், உண்மையை மூடி வைப்பதா? மூடி வைக்க வேண்டும் என்று நாம் சொல்லோம். ஆனால் ஒன்றைப் பகுத்துணர்தல் வேண்டும். உண்மை பொதுச்சொத்தாய் இருக்கலாம், இரத்தம் பொதுச்சொத்தன்று. நோய்க்கு மருந்து காண்பேன் என்று வாங்கியதை வேறொன்றிற்குப் பயன்படுத்தியவன் மூடநம்பிக்கையை எதிர்த்துப் போராடிய வீரன் அல்லன், வாக்குத் தவறியவன். உண்மையைத் தேடும் சுதந்திரத்தின் பெயரால் அவனைக் காப்பது அச்சுதந்திரத்திற்கே இழுக்கு. அன்றியும், விஞ்ஞானத்தின் சுதந்திரம் எப்பொழுதும் ஏழைகளின் உடல் மீதும் ஏழைகளின் முற்றத்திலுமே நிலைநாட்டப்படுவது ஏன் என்பதையும் கேட்க வேண்டும். செல்வரின் வீட்டினுள் அனுமதியின்றிப் புகுந்து அவரது குடும்ப இரகசியங்களை எழுதி எவராவது கலாநிதிப் பட்டம் பெற்றதுண்டா?

இரண்டாவது தடை இன்னும் வலியது. மக்களுக்குக் கடமைப்பட வேண்டும் என்கிறீர்கள். மக்கள் என்போர் யார்? ஊர்ச் சபையா, முதியவரா, பெண்களா, இளைஞரா? கனடாவில் வேற்றினத்தவரை மணந்த பூர்வகுடிப் பெண் தன் நிலையை இழப்பாள் என்ற சட்டம் 1985ஆம் ஆண்டு வரை இருந்தது. அது நீங்கிய போது அப்பெண்களை மீண்டும் ஏற்பதை எதிர்த்து வழக்காடியோருள் சில குடிச் சபைகளும் இருந்தன. அச்சபை முறையே அந்த இந்தியர் சட்டத்தின் வழி திணிக்கப்பட்டது என்பதையும் மறத்தலாகாது. சாதியும் சீதனமும் ஊரின் பெயரால், மரபின் பெயரால் காக்கப்படுவதை அன்றாடம் காணும் நமக்கு, 'சமூகம்' என்ற சொல்லைக் கேட்டதும் கைகூப்பும் பழக்கம் இருத்தல் கூடாது.

ஆகவேதான் நாம் கீழ்ப்படிதலையும் பதில் சொல்லுதலையும் வேறுபடுத்துகின்றோம். கீழ்ப்படிபவன் அதிகாரம் உடையவன் சொன்னதை எழுதுவான். பதில் சொல்பவன் தான் கண்டதை எழுதி, எழுதியதைச் சம்பந்தப்பட்டவர் முன் அவர்களுக்கு விளங்கும் மொழியில் வாசித்து, அவர்களது மறுப்பைக் கேட்டு, அம்மறுப்பையும் தன் ஏட்டிற் பதிவான். ஊர்ச் சபையைக் கண்டிக்க வேண்டுமாயின் ஊரில் நின்றே கண்டிப்பான். அது எளிதன்று. தொலைவிலுள்ள நகரத்து நூலகத்தில் இருந்துகொண்டு கண்டிப்பதைக் காட்டிலும் பன்மடங்கு துணிவு அதற்கு வேண்டும்.

மூன்றாவதாக, வடிவத்தை மாற்றினால் மட்டும் போதுமா என்ற ஐயம் எமக்கே உண்டு. நிஸ்கா இனத்தவரான கட்டடக் கலைஞர் பற்றிக் ஸ்ருவாட் 2015ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக்கழகத்திற்கு அளித்த ஆய்வேட்டில், ஆங்கில இலக்கண ஆதிக்கத்தை எதிர்க்கும் முகமாக நிறுத்தக் குறிகளைப் பெரும்பாலும் நீக்கியே எழுதினார். அவரது எதிர்ப்புணர்ச்சியை மதிக்கின்றோம். ஆனால் முற்றுப்புள்ளியை நீக்குவதற்கு ஒரு பல்கலைக்கழகம் இணங்குவது எளிது; அக்கட்டடங்கள் நிற்கும் நிலம் யாருடையது என்ற வினாவுக்கு இணங்குவது எளிதன்று. அறிவின் விடுதலையை நிலத்தின் விடுதலையிலிருந்தும் வயிற்றின் விடுதலையிலிருந்தும் பிரித்து, ஆய்வேட்டின் பக்கங்களுக்குள் அடைத்து விடுவோமாயின், பழைய ஒழுங்கு புதிய அலங்காரத்தோடு தொடரும் என்பதில் ஐயமில்லை.

இவை யாவும் கடல் கடந்த செய்திகள் என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. செலிக்மன் தம்பதியர் 1911ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலின் மூலம் இலங்கை வேடர் உலக மானிடவியலின் பொருளாயினர். எழுத்தில் மட்டும் அவர்கள் கொண்டுசெல்லப்படவில்லை, எலும்பாகவும் கொண்டுசெல்லப்பட்டனர். எடின்பரோப் பல்கலைக்கழகத்தில் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக இருந்த ஒன்பது வேடர் மண்டையோடுகள், 2019ஆம் ஆண்டு நவம்பரிலேதான் வேடர் தலைவர் ஊருவரிகே வன்னில எத்தோவிடம் திருப்பிக் கொடுக்கப்பட்டன. அச்செய்தியைப் பத்திரிகையிற் படித்த நாளில் நாம் வெள்ளையரின் கொடுமையை நினைந்து கோபம் கொண்டோம். சிறிது நேரத்தில் அக்கோபம் எம்மீதே திரும்பிற்று.

நாம் பல்கலைக்கழகத்திற் பயின்ற காலத்தில், சிறப்புப் பட்டத்திற்குரிய ஆய்வுக் கட்டுரைக்காக வாகரைப் பகுதியிலுள்ள ஒரு வேடர் கிராமத்திற்குச் சென்றிருந்தோம். அங்கே சடங்கு செய்யும் கட்டாடியார் ஒருவர், பகலெல்லாம் கடலில் உழைத்துவிட்டு வந்து, இரண்டு இரவுகள் எமக்காகப் பாடினார். அவர் பேசியதும் பாடியதும் நாம் பேசும் இதே தமிழ். ஒரு பாட்டைப் பாடி முடித்து, "தம்பி, இது சடங்கில மட்டும் படிக்கிறது, எழுதாதீங்க" என்றார். எழுதவில்லை என்று தலையசைத்தோம். தங்கியிருந்த இடத்திற்கு வந்ததும் நினைவிலிருந்து எழுதினோம். புறப்படும் நாளில், "புத்தகமாப் போட்டா ஒண்டு கொண்டு வந்து தாங்க, பேரப்பிள்ளைகளுக்குக் காட்டலாம்" என்றார். தருவோம் என்றோம்.

கட்டுரைக்கு நல்ல புள்ளிகள் கிடைத்தன. அந்தப் பாட்டை மேற்பார்வையாளர் விசேடமாகப் பாராட்டினார். கட்டுரையில் அக்கட்டாடியாரின் பெயர் இல்லை. 'தகவலாளர் 3' என்றே அவர் குறிக்கப்பட்டுள்ளார். அதன் பிரதி ஒன்று எம் அலுமாரியில் உண்டு. வாகரைக்கு அது போகவில்லை. பதின்மூன்று ஆண்டுகள் கழிந்துவிட்டன. பேருந்தில் ஒரு நாட் பயணம். அதற்கு நமக்கு நேரம் இருக்கவில்லை!

மண்டையோட்டைக் கொண்டுபோனவனுக்கும் பாட்டைக் கொண்டுவந்த எமக்கும் வேறுபாடு உண்டு என்று வாதிடலாம். வேறுபாடு உண்டுதான்; ஆனால் அது அளவில் உள்ள வேறுபாடே அன்றித் தன்மையில் உள்ளதன்று. கொடுத்தவர் கேட்க வரமாட்டார் என்ற துணிவு இரண்டிற்கும் பொது.

ஆகவே அம்மாணவர் மீண்டும் வந்தபோது நாம் அவருக்குச் சொன்னது இதுதான். கலாநிதிப் பட்டத்திற்கு முயலும். அதை வேண்டாம் என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. அறிவு நமக்கு வேண்டும், அவர்களுக்கும் வேண்டும். ஆனால் விண்ணப்பத்தை எழுதுவதற்கு முன், குறிப்புப் புத்தகம் இல்லாமல் ஒருமுறை அங்கே போம். அழிந்து போகின்றது என்று நீர் கருதும் அதைப் பற்றி அவர்கள் என்ன கருதுகின்றார்கள் என்று கேளும். காணியா, தொழிலா, பள்ளிக்கூடமா, எதைப் பற்றிய ஆராய்ச்சி தமக்கு வேண்டும் என்று அவர்கள் சொல்லக்கூடும், அதையும் கேளும். எதை எழுதலாம், எதை எழுதக் கூடாது, யார் பெயரைப் போட வேண்டும் என்பதை அவர்களிடமே அறியும். அக்கிராமத்துப் பிள்ளைகளில் ஒருவரேனும் நாளை இதே பட்டத்திற்கு விண்ணப்பிக்க வழியுண்டா என்றும் பாரும். வழி இல்லையெனில், அதை உண்டாக்குவது உமது ஆராய்ச்சியின் ஒரு பகுதி என்று கொள்ளும்.

அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர், "நீங்களும் வாறீங்களா, சேர்?" என்று கேட்டார்.

வரும் விடுமுறையில் இருவருமாய்ச் செல்வதாய் உள்ளோம். அக்கட்டாடியார் இன்று இருக்கின்றாரோ, அறியோம். அவர் இல்லையாயின் அவருடைய பேரப்பிள்ளைகள் இருப்பர். அலுமாரியிலுள்ள பிரதியை அவர்களிடம் கொடுத்து, எழுதக் கூடாததை எழுதிய பக்கத்தையும் காட்டி, அதை என்ன செய்வது என்று அவர்களையே கேட்போம். கிழித்தெறியச் சொன்னால் கிழிப்போம். நமக்குப் புள்ளியிட்ட பரீட்சகர்கள் அந்தப் பக்கத்திற்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்பது அன்றைக்கு எமக்கு முக்கியமாக இராது.